இரண்டு வீட்டுக்கு ஒரு தலையணை

நம் வயதுக்காரிகள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பழைய லீவுக் காலத்துக்குப் போய்விடும். யார் வாப்பா சவுதியிலிருந்து என்ன கொண்டுவந்தார், யார் வீட்டில் முதலில் டேப்ரிக்கார்டர் பாடியது, பெட்டியைத் திறந்ததும் வருமே ஒரு வாசனை, சோப்பும் அத்தரும் ஆரஞ்சுப் பவுடரும் கலந்தது, அது ஏன் இப்போது எந்தப் பெட்டியிலும் வருவதில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். அந்த நேரம் நான் தண்ணீர் எடுத்துவருவதுபோல் எழுந்து போய்விடுவேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

எனக்கும் அப்படி ஒரு லீவு உண்டு. மூன்று மாத லீவு. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைவிட, எழுதினால் யாருக்காவது வலிக்குமோ என்பதுதான் என் பயம். சம்பந்தப்பட்டவர்களில் மிச்சம் இருப்பது நானும் என் தங்கையும் மட்டும்தான். தங்கையிடம் கேட்டுக்கொண்டேன். எழுது என்றாள். மறுநாளும் போன் செய்து ஒரு தடவை கேட்டேன். எழுதித் தொலை என்றாள்.

என் வாப்பாவுக்கு இரண்டு மனைவி. மூத்தவர் என் உம்மா. இளையவரை நான் சின்னும்மா என்று கூப்பிட்டேன். எங்கள் கடற்கரை ஊரில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். என் உம்மாவுக்கும் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அப்படி ஒரு வீடு. சின்னும்மா வாலிநோக்கத்துக்காரர். அவருடைய வாப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், பெண்ணுக்கு வீடு கொடுக்க வழியில்லாதவர். அதனால் வாப்பாவே கடற்கரைத் தெருவில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அவரைக் குடிவைத்திருந்தார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை.

வாப்பா ஏன் இரண்டாவது கட்டினார் என்று யாரும் என்னை உட்காரவைத்துச் சொன்னதில்லை. அங்கங்கே காதில் விழுந்ததைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டேன். எனக்குப் பிறகு உம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவதை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. உச்சிப்புளியிலிருந்து ஓடிவந்த தூரத்து மாமா ஒருவர் ரத்தம் கொடுத்து உம்மா பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னாராம். இனி ஒரு பிள்ளை உண்டானால் உயிருக்குப் பொறுப்பில்லை. அதனால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அதற்கு வாப்பா கையெழுத்துப் போட வேண்டும். வாப்பா ஊரில் நாலு பெரியவர்களிடம் கேட்டார். அது கூடாது என்றார்கள். பார்ப்போம் என்றார் வாப்பா. பார்த்துக்கொண்டே சவுதிக்கு விமானம் ஏறினார். அடுத்த லீவில் வந்து சின்னும்மாவைக் கட்டினார். பிள்ளைக்காகத்தான். உம்மா சம்மதித்துத்தான் நடந்தது என்று ஊரில் சொல்வார்கள். சம்மதமா என்று உம்மாவிடம் யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா சொன்னது, நான் எழுத வந்த அந்த மூன்று மாத லீவில் எனக்குத் தெரியாது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் யார் சொல்லப்போகிறார்கள்? நீங்கள் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். உம்மாவுக்கு இன்னொரு பிள்ளை உண்டாகக் கூடாது. அது ஒன்றுதான் விஷயம்.

வாப்பாவைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. ஊரிலேயே நியாயமான மனுஷன் என்று பெயர் எடுத்தவர். சவுதியிலிருந்து எது கொண்டுவந்தாலும் இரண்டு. இரண்டு குடை, இரண்டு டார்ச் லைட், ஒரே பூப்போட்ட இரண்டு சேலை, இரண்டு டப்பா பால் பவுடர். அந்த லீவில் ஆறு ஆறாக இரண்டு பெட்டி கண்ணாடித் தம்ளர் கொண்டுவந்தார். அடியில் நீலம் ஓடிய தம்ளர். பிரித்துப் பார்த்தால் சின்னும்மாவின் பெட்டியில் ஒன்று உடைந்திருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உம்மாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொல்லைப்படியில் தட்டி உடைத்தார். அஞ்சுக்கு அஞ்சு ஆச்சு என்றார். உம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பெருக்கினார். இந்தக் கதையை ஊரே வியந்து பேசியது. நானும் பெருமைப்பட்டேன்.

இரண்டாக இல்லாதது ஒன்றே ஒன்றுதான். வாப்பாவின் தலையணை. இலவம்பஞ்சுத் தலையணை, மஞ்சள் உறை, ஒரு பக்கம் அவர் தலைக்கு ஏற்ற மாதிரிக் குழிந்து கிடக்கும். வேறு எதில் தலை வைத்தாலும் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பார். ஒரு நாள் உம்மா வீடு, ஒரு நாள் சின்னும்மா வீடு என்பது முறை. அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னால் இரவு தொடங்கிவிடும் அல்லவா, அதற்குள் அன்றைய முறைவீட்டுக்குத் தலையணை போய்ச்சேர வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. மார்போடு அணைத்துக்கொண்டு, முகவாயை அதன்மேல் அழுத்திக்கொண்டு நடப்பேன். அத்தரும் தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. கடற்கரைத் தெருவுக்குள் திரும்பியதும் கருவாட்டு வாசனை வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். தெருப்பிள்ளைகள் எனக்குத் தலகாணிக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

தலையணை எங்கேயோ அங்கே வாப்பா. ஊரில் யாராவது வாப்பாவைத் தேடினால் என்னைத்தான் கேட்பார்கள்.

லீவில் மூன்று வாரம் இப்படிப் போனது. அந்த மூன்று வாரமும் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தன் முறைநாளில் உம்மா ஏதாவது ஒரு நோவு சொல்வார், தலைவலி, காய்ச்சல், இடுப்பு. வாப்பா அதற்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார், ஆனால் முறையைத் தவறவிடமாட்டார். ஒருத்தியிடம் அதிகம் இருந்துவிட்டு மறுமையில் ஒரு தோள் சாய்ந்து எழும்ப மாட்டேன் என்பார். உம்மா டாக்டரம்மா சொன்னதை எடுத்தபோது, அல்லா நாடுனதுதான் நடக்கும், டாக்டரு யாரு என்றாராம். அவருடைய நியாயத்துக்குள்தான் உம்மாவின் ஆபத்து இருந்தது. இது இப்போது புரிகிறது.

பிறகு உம்மா, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய்க் கேட்டுவந்தார். ஒரு மனைவி தன் முறையை இன்னொரு மனைவிக்கு விட்டுக்கொடுக்கலாம், அதில் குற்றமில்லை என்று ஆலிமா சொன்னார். மறுநாள் காலையில் உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சின்னும்மா வீட்டுக்குப் போனார். அதுவரை உம்மா அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. என்னை வெளியே, கருவாடு காயப்போட்ட பாயருகே, காக்காய் விரட்ட உட்காரவைத்தார்கள். உள்ளே பேசியது எனக்குக் கேட்கவில்லை. வெளியே வரும்போது சின்னும்மாவின் கண் சிவந்திருந்தது. உம்மாவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. திரும்பும் வழியில் எனக்கு நாவற்பழம் வாங்கித் தந்தார்.

வாப்பாவிடம் உம்மாவே சொன்னார். இந்த லீவு முடியும்வரைக்கும் என் முறை எல்லாத்தையும் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றால் அவரால் மறுக்க முடியாது. என்னைக்கு வேணும்னாலும் நீ திருப்பி எடுத்துக்கலாம், அது ஒன் உரிமை என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் உம்மாவின் முறைநாளில் வாப்பா மதியம் வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அசர் தொழுகைக்கு எழுந்து பள்ளிவாசலுக்குப் போவார். சாயங்காலம் நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குப் போவேன். மறுநாள் காலை அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே போனது தினமும் ஆயிற்று.

தினமும் போனதைத் தெரு பார்த்தது. எதிர்வீட்டு மாமிக்குத் தெருவில் நடப்பது எதுவும் தப்பாது. ஒரு நாள் என்னை மறித்தார்.

"ஏம்புள்ள, இன்னைக்கு ஒங்க வீட்டு மொறைதான? தலகாணி எங்கன போவுது?"

"சின்னும்மா வீட்டுக்கு."

"ஒங்க உம்மா புருசனத் தூக்கித் தட்டுல வச்சுல்ல குடுத்துட்டா. வாலிநோக்கத்துக்காரி என்னத்தப் போட்டுக் குடுத்தாளோ. அடுத்த லீவுக்கு ஒங்க வாப்பாவுக்கு இந்தத் தெருவு ஞாபகம் இருக்குமான்னு பாரு."

மாமி அதை விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. நான் பிறவியிலேயே பயந்தவள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள். உம்மா தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துக் கொஞ்சம் அதிகம் சுஜூதில் இருந்தால் மூச்சு வருகிறதா என்று கிட்டே போய்க் குனிந்து பார்ப்பவள். வாப்பா நிஜமாகவே நம் வீட்டை மறந்துவிட்டால்? பெட்டி நேராக அங்கே போய் இறங்கினால்? உம்மா ஏன் இப்படிச் செய்கிறார்? உம்மாவிடம் கேட்டேன். பெரிய மனுசி பேச்சுப் பேசாத என்றார்.

லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று உம்மாவின் முறைநாள். வாப்பா சாப்பிட்டுத் தூங்கிப் பள்ளிக்குப் போய்விட்டார். உம்மா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் தலையணையை எடுத்து, கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியில் வைத்து மூடினேன். வெறுங்கையோடு கடற்கரைத் தெருவுக்கு ஓடினேன்.

சின்னும்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார்.

"தலகாணி எங்க?"

"உம்மா இன்னைக்கு அங்கனயே இருக்கட்டும்னாங்க. முறைய திருப்பி எடுத்துக்கிட்டாங்களாம்."

சின்னும்மா கையில் இருந்த மீனைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். ராத்தா சொன்னாங்களா என்று ஒரு தடவை கேட்டார். உம்மாவை அவர் அக்கா முறைவைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவார். ஆமாம் என்றேன். சரி புள்ள என்று மறுபடி ஆய ஆரம்பித்தார்.

அங்கிருந்து பள்ளிவாசல் வாசலுக்குப் போனேன். வாப்பா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். உம்மா இன்னைக்கு வீட்டுக்கு வரச்சொன்னாங்க, முறைய திருப்பி எடுத்துக்கிட்டாங்களாம் என்றேன். வாப்பாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. என் தலையில் ஈரக்கையை வைத்தார்.

மஃரிப் தொழுதுவிட்டு ஒரு முழம் மல்லிகைப்பூவோடு வாப்பா வீட்டுக்கு வந்தார். அதற்குள் நான் தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தேன். உம்மா பூவைப் பார்த்தார், திறந்திருந்த அறைவழியே தலையணையைப் பார்த்தார். தங்கச்சி திருப்பிட்டாளா என்று மெல்லக் கேட்டது எனக்குத்தான் கேட்டது. வாப்பா சந்தோஷமாக ஏதோ பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். வாசலில் பூவோடு வந்து நிற்கும் மனுஷனிடம், நான் உங்களைக் கூப்பிடவில்லை என்று சொல்ல உம்மாவுக்கு வாய் வரவில்லை. என்னை எதிர்வீட்டு மாமி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஜெயித்தவள் மாதிரிப் போனேன்.

முறை திரும்பிவிட்டது என்பதால் மிச்ச நாளும் வாப்பா நியாயப்படியே பங்குவைத்துக்கொண்டார். பெட்டி கட்டினார், போனார்.

வாப்பா போன மறுநாள் சின்னும்மா ஒரு கிண்ணத்தில் நண்டு ஆணம் கொடுத்தனுப்பியிருந்தார். உம்மா அதைத் தொடவில்லை. கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாக என்னிடம் கொடுத்தார். நமக்குத் தெரியும், நம் பக்கம் யாரும் வெறுங்கிண்ணம் திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். சின்னும்மா கிண்ணத்துக்குள் பார்த்தார். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. எனக்கு அதுவும் நல்லதாகவே பட்டது.

இரண்டாவது மாதம் உம்மா வாந்தி எடுத்தார். எதிர்வீட்டு மாமி மாஷா அல்லா என்றார். உம்மா சிரிக்கவில்லை. சவுதிக்குக் கடிதம் எழுதுவது என் வேலை, உம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். "நான் உண்டாகியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் இருக்கும். எனக்கு ஏதும் ஆனால் பிள்ளையைப் படிக்க வையுங்கள்." அந்த வரியை எழுதும்போதுதான் பேனாவை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். முறையை ஏன் கொடுத்தார் என்பதையும் சொன்னார். நான் கொல்லைக்குப் போய் நின்றேன். உம்மா கூப்பிட்டார். வந்து மிச்சத்தை எழுதி முடித்தேன். கையெழுத்து எப்படி வந்ததோ, வாப்பா பதிலில் பிள்ளையின் எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டிருந்தார். பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடி முடியும் என்றும் எழுதியிருந்தார்.

ஐந்தாம் மாதம் சின்னும்மாவுக்கு விஷயம் தெரிந்தது. எதிர்வீட்டு மாமியே போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே ஒரு துணிமூட்டையோடும் இடுப்பில் வீட்டுச் சாவியோடும் சின்னும்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஏன் ராத்தா சொல்லல?"

"சொல்லி? நீதான வேணாம்னு அவரத் திருப்பி அனுப்புன?"

சின்னும்மா உம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் லாந்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"ஆமா ராத்தா. தப்புத்தான்" என்றார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார்.

அன்றிலிருந்து நாலு மாதம் சின்னும்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். உம்மாவைக் குனிய விடவில்லை. உம்மா முதல் பத்து நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். வாப்பாவின் கடிதம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில், ஒரே விசாரிப்போடு வரும். நான் இரண்டையும் வாசித்துக் காட்டுவேன். பெயரை மட்டும்தான் மாத்திருக்காரு ராத்தா என்று சின்னும்மா ஒரு நாள் சொல்ல, உம்மா வெற்றிலைச் சாறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். இரண்டு பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள் என்று காத்திருந்த எதிர்வீட்டு மாமிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவேயில்லை. நான் சிரிக்கவில்லை. உம்மா சிரிக்கும்போதுகூட அவர் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாள் நெருங்கும் முன்பே வலி வந்தது. வாடகைக் காரில் ராமநாதபுரம் போனோம். உம்மா, சின்னும்மா, நான். உம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து, புள்ளைய எடுக்கும்போதே அந்த ஆபரேஷனையும் சேத்துப் பண்ணிருங்க என்றார். நர்ஸ் இரண்டு காகிதத்தோடு வந்தார். ஒன்று வயிற்றைத் திறக்க, இன்னொன்று ஆபரேஷனுக்கு. புருஷன் எங்கே என்றார். சவுதி என்றோம். கூடப்பிறந்தவர்கள்? உம்மாவுக்கு யாரும் இல்லை. முதல் காகிதத்தில் கூட வந்தவர்கள் யார் வைத்தாலும் சரி, இரண்டாவதில் புருஷன் இல்லாவிட்டால் வயதுவந்த ரத்த உறவு வைக்க வேண்டும், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்று பலகையையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டார்.

பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். பினாயில் வாசனை. சின்னும்மாவுக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. முதல் காகிதத்தில் உடனே பெருவிரலை வைத்துவிட்டார். இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைய வாலிநோக்கத்துக்கே அனுப்பிருவாரு என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"சின்னும்மா, அன்னைக்கு உம்மா சொல்லல. தலகாணிய நானாத்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும்."

"உம்மாகிட்ட ஏன் நீங்க பண்ணுனதாச் சொன்னீங்க?"

சின்னும்மா முந்தானையால் விரலில் ஒட்டிய மையைத் துடைத்தார். "நீ வந்து சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு புள்ள. ராத்தா அப்படி மாத்திச் சொல்ற ஆளு இல்ல. ஏழு நிமிசம் நடந்து வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல. ஒருநா விடாம ரெண்டு மாசமா அவருக்குக் காத்திருந்து, சமைச்சு, கூடவே முழிச்சிருந்து எனக்கு அலுத்துப்போச்சு. ஒருநாளாவது கால நீட்டிப் படுப்போம்னு கதவச் சாத்திட்டேன். நல்லாத் தூங்குனேன். அதச் சொல்லு."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி. எழுது."

"என்ன எழுத?"

"என் பேரு. கீழ ஒறவு கேட்டிருக்குல்ல, அதுல கூடப்பொறந்த தங்கச்சின்னு எழுது."

எழுதினேன். பயத்தில் இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். சின்னும்மா பெருவிரலை அழுத்தி வைத்தார்.

தங்கை பிறந்தாள். உம்மாவுக்கு இந்தத் தடவையும் ரத்தம் ஏற்றினார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். எழுந்து நடமாட நாலு மாதம் ஆயிற்று. ஒரு மாதம் பிள்ளை வீட்டில் நிற்கட்டும், உம்மாவுக்குத் துணையாக இருக்கும் என்று வாப்பா எழுதினார். நான் நின்றேன். அந்த ஒரு மாதம் முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். அதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொல்ல எனக்கு ஏது வாய்?

பிள்ளை பிறந்ததைக் கடிதத்தில் எழுதினோம். ஆபரேஷனை எழுதவில்லை. உம்மா எழுதச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த லீவில் வாப்பா வந்தபோது தங்கை நடக்க ஆரம்பித்திருந்தாள். வழியில் ஊர்க்காரர் ஒருவர் காரை நிறுத்திக் கைகொடுத்து, ஆபரேஷன் பண்ணிட்டீகளாமே என்று விசாரித்திருக்கிறார். வாப்பா உள்ளே வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கவில்லை. உம்மாவும் சின்னும்மாவும் கூடத்தில் இருந்தார்கள்.

"யாரக் கேட்டுப் பண்ணுனீங்க?"

"நான் கேட்டுத்தான் பண்ணுனாங்க" என்றார் உம்மா.

"காயிதத்துல கை வச்சது யாரு?"

"நான் மச்சான்" என்றார் சின்னும்மா.

"நான் ஒரு வார்த்த சொன்னா நீ இந்நேரம் வாலிநோக்கம் பஸ்ஸுல உக்காந்திருப்ப. தெரியுமா?"

சின்னும்மா தலையைக் குனிந்துகொண்டார். தங்கை அவர் மடியில் இருந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உம்மா குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சொல்லுங்க மச்சான். சொன்னீகன்னா அவ பஸ்ஸேற மாட்டா. இந்த வீட்டுல என்கூட இருப்பா. இது என் வீடு. அப்பறம் நீங்க எங்கன இருக்கிறதுன்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

வாப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கூடத்தில் அவருடைய பெட்டிகள் இரண்டும் ஒரே நிறக் கயிறு கட்டி நின்றன. மஃரிப் பாங்கு கேட்டது. பள்ளிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். போன லீவு உம்மா முறையில் தொடங்கியது, அதனால் இந்த லீவு சின்னும்மாவில் தொடங்க வேண்டும். கோபத்திலும் அவர் அதை மறக்கவில்லை.

"இன்னைக்கு ஒன் முறை. எந்திரி, போவோம்" என்றார் சின்னும்மாவிடம்.

"புள்ளைக்குக் காலைல ஊசி போட்டுருக்கு மச்சான். மேலு கொதிக்குது. இன்னைக்கு நான் ராத்தா கூட இங்கன இருக்கேன்." சின்னும்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "நீங்க போங்க. ஆணம் அடுப்புல மூடியிருக்கு. சோறு உறியில இருக்கு."

வாப்பா சாவியை வாங்கினார். இரண்டு வீட்டில் எதற்கும் அதுவரை அவர் கையில் சாவி இருந்ததில்லை. எப்போது போனாலும் ஒரு பெண் கதவைத் திறப்பாள். சாவியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு கடற்கரைத் தெருப் பக்கம் நடந்தார். எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்து பார்த்தார். உம்மா கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் உம்மாவின் முறை. அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.